கிடைத்த இடம் சொல்லாதவர்

உலகத்தில் ஒரு வகை மனிதர் இருக்கிறார். நல்லவர். அவசரம் என்றால் ரத்தம் கொடுப்பார்; பக்கத்து வீட்டுக்காரருக்காக ஆஸ்பத்திரி பெஞ்சில் காவல் உட்காருவார்; உங்கள் பெண்ணின் ஜாதகத்தைப் பையில் வைத்துக்கொண்டு நங்கநல்லூர் வரை அலைந்து பையனைப் பற்றி விசாரித்து வருவார். ஆனால் அவர் போட்டிருக்கும் சட்டைத் துணியை எந்தக் கடையில் எடுத்தார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் முகத்தில் ஒரு ஷட்டர் இறங்கும். பார்வை மின்விசிறிக்குப் போகும். "அதுவா... நமக்குத் தெரிஞ்ச ஒருத்தர்" என்பார்.

யார் அந்த ஒருத்தர்? பெயர் கிடையாது. தெரு கிடையாது. போன் நம்பர் பழைய போனோடு போய்விட்டது. நீங்கள் விடாமல் நெருக்கினால் அவர் அந்தக் கடையையே மூடிவிடுவார். "இப்ப அவன் கடையை எடுத்துட்டான், சார்." நேற்று மாலைதான் அங்கே போய் ஒரு மீட்டர் வாங்கி வந்திருப்பார். இருந்தாலும் உங்களுக்காக ஒரு வியாபாரியைக் குடும்பத்தோடு ஊரைவிட்டு அனுப்பிவைக்க அவருக்கு ஒரு கணம் போதும்.

இவருக்குக் 'கிடைத்த இடம் சொல்லாதவர்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். எல்லா வீட்டிலும் ஒருவராவது உண்டு. நல்ல நாரத்தங்காய் வரும் தள்ளுவண்டியைக் கூடப்பிறந்த அக்காவிடமிருந்து மறைக்கும் தங்கை இந்த இனம்தான். சொன்ன தேதிக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கும் அபூர்வ தையல்காரரைப் பற்றி, 'சுமாராத்தான் தைப்பான், கழுத்து சரியா வராது' என்று தெருவெல்லாம் பரப்பிவைத்துவிட்டு, தான் மட்டும் மாதம் இரண்டு முறை அவரிடம் போய்வரும் பெண்மணியும் இந்த இனம்தான்.

ஆனால் இவர்கள் எல்லாம் பொழுதுபோக்குக்குச் செய்கிறவர்கள். இந்த இனம் முழு வளர்ச்சியோடு நடமாடுவதைப் பார்க்கவேண்டுமானால் பழைய கார் வைத்திருப்பவர்களிடம் போகவேண்டும். சட்டைத் துணியை நாளைக்கும் நெய்வார்கள். எழுபது வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் செய்த ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் கதவுப் பிடியை இனி யார் செய்யப்போகிறார்கள்? உலகத்தில் மிச்சமிருப்பது எத்தனையோ அத்தனைதான். உங்களிடம் ஒன்று போனால் என்னிடம் ஒன்று குறையும். இப்படிப்பட்ட நிலைமையில் வாயைத் திறப்பவன் மனிதனா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் மயிலாப்பூர்க் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டல் வாசலில் இவர்கள் கூடுவார்கள். வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு, டபராவும் டம்ளருமாகக் கையில் எடுத்துக்கொண்டு, ஒருவர் வண்டியை ஒருவர் சுற்றிச் சுற்றி வந்து "பிரமாதம்" என்பார்கள். எங்கே கிடைத்தது என்று எளிதில் யாரும் கேட்டுவிடமாட்டார்கள். கேட்பது அநாகரிகம். கேட்காமலேயே கண்டுபிடிக்கப் பார்ப்பதுதான் நாகரிகம். ஒருவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிறார் என்றால், அடுத்தவர் வண்டியின் அடிவயிற்றைப் பார்க்கிறார் என்று அர்த்தம். ஒருவர் போனை வைத்து அஸ்தமனத்தைப் படம் எடுப்பதுபோல எடுக்கிறார் என்றால், காலை ஏழு மணிக்கு ஏது அஸ்தமனம் என்று நீங்கள் யோசிக்கவேண்டும்.

இந்தக் கூட்டத்தில் முதல் வரிசைக்காரர் ஸ்ரீரங்கன்.

ஸ்ரீரங்கன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆழ்வார்பேட்டையில் ஒரு பழைய அடுக்ககத்தில் முதல் மாடி. மனைவி ஜானு. கீழே கார் நிறுத்துமிடத்தில், துணிப் போர்வைக்குள், பச்சை நிறத்தில் ஒரு வண்டி. இரண்டே சீட், மடக்கிவைக்கும் கேன்வாஸ் கூரை, முன்னால் தவளைக் கண்போல இரண்டு பெரிய ஹெட்லைட். அதில் ஏறி உட்காருவது ஒரு யோகாசனம். இறங்குவது இரண்டு. ஆனால் கிளம்பிவிட்டால் டி.டி.கே. சாலையில் பஸ் டிரைவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தத் திரும்பிப் பார்த்தலுக்காகத்தான் ஸ்ரீரங்கன் இத்தனை வருஷம் உயிர் வாழ்ந்தார் என்று ஜானு சொல்வதுண்டு. அவர் மறுத்ததில்லை.

கூட்டத்தில் அவருடைய பெருமை ஒன்றுதான். "உங்க வண்டியெல்லாம் வேற, இது வேற. இதோட கியர்பாக்ஸே தனி ஜாதி" என்பார். அடையாறு கல்யாணராமன் வைத்திருப்பது அதே கம்பெனி செய்த நாலு சீட் குடும்ப வண்டி. சொல்லும்போது ஸ்ரீரங்கன் கல்யாணராமனைத்தான் பார்த்துச் சொல்வார். கல்யாணராமனும், பாவம், நம்பியிருந்தார்.

இந்தத் தனி ஜாதி கியர்பாக்ஸ் ஒருநாள் காப்பிக்கொட்டை அரைக்கிற மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது. வேறு காலமாக இருந்தால் அவர் பதறியிருக்கமாட்டார். பழைய காரில் சத்தம் வருவது பழைய மனிதருக்கு இருமல் வருவதுபோல. ஆனால் அப்போதுதான் அடுக்ககத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவதென்று எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பங்குனி மாதம் முடிவதற்குள் காலி செய்யவேண்டும். மந்தைவெளியில் வாடகைக்கு வீடு பார்த்தாயிற்று. வண்டி நிறுத்தவும் இடம் உண்டு. ஜானு மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள்.

"தானா ஓடினா புது ஆத்துக்கு வரட்டும். கயிறு கட்டி இழுத்துண்டு வரதுன்னா, புது இடத்துல அத்தனை பேர் பார்க்க அந்தக் கோலம் எனக்கு வேண்டாம். அது நேரா பெருங்குடிக்கே போகட்டும். சுஹாஸ் கேட்டுண்டே இருக்கான்."

சுஹாஸ் ஜானுவின் அண்ணா பிள்ளை. பெருங்குடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. பழைய வண்டி என்றால் உயிர். அந்த உயிரை அவன் எப்படி வைத்திருந்தான் என்பதில்தான் சிக்கல். "கியர்பாக்ஸே வேண்டாம் அத்திம்பேர்" என்றான். "எஞ்சினையும் சேர்த்துக் கழட்டிட்டு பேட்டரியும் மோட்டாரும் வெச்சுடுவேன். சத்தமே வராது. ஆரஞ்சு கலர் அடிச்சா அப்படியே தூக்கிடும்." டாக்டர் ஒருவர் சிரித்துக்கொண்டே, 'இதயம் எதுக்கு, எடுத்துடலாமே' என்று சொல்வதைக் கேட்பதுபோல ஸ்ரீரங்கன் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே கியர்பாக்ஸைக் கழற்றினார். அது சாப்பாட்டு மேஜைக்கு வந்தது. ஜானுவும் அவரும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சோபாவில் சாப்பிட ஆரம்பித்தார்கள். பல்சக்கரங்களும் தண்டுகளும் செய்தித்தாள் மேல் வரிசையாகப் படுத்திருந்தன. எல்லாம் நலம். ஒன்றே ஒன்றுதான் கெட்டிருந்தது: முன்பக்கத்து பேரிங். மண்ணெண்ணெயில் கழுவிக் காதருகே வைத்துச் சுழற்றினால் உள்ளே குண்டுகள் பல் நறநறப்பதுபோலச் சத்தம் போட்டன. வெளி வளையத்தைத் துடைத்தார். எழுத்தும் எண்ணுமாக ஒரு நம்பர் பொறித்திருந்தது. கடைசி இலக்கம் எட்டு.

மறுநாள் புதுப்பேட்டைக்குப் போனார். அங்கே ஹனீஃபா என்று ஒருவர், பழைய வண்டிகளைப் பிரித்துச் சேர்ப்பதில் கைதேர்ந்தவர். உதிரி பாகமும் விற்பவர். கடை வாசலில் வேறு நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை பேர் காதில் விழும்படி நம்பரைச் சொல்வதா? ஸ்ரீரங்கன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து, இந்தப் பருமன், ஒரு நண்பருக்கு வேண்டும், என்றார்.

"வடை வாங்க வந்தா மாதிரி கைய காட்டுற சார்" என்றார் ஹனீஃபா. "நம்பர் இன்னா? நம்பர் சொன்னா கீதா இல்லியான்னு சொல்லிடப் போறேன்."

நாலு பேரும் போகும்வரை ஸ்ரீரங்கன் ஒரு பழைய ரேடியேட்டரை ரசித்துக்கொண்டு நின்றார். பிறகு ஹனீஃபாவின் காதில், மந்திரோபதேசம் செய்வதுபோல, சொன்னார். ஹனீஃபா உதட்டைப் பிதுக்கினார். இப்போது வருவதெல்லாம் மில்லிமீட்டர் அளவு. இந்த வண்டி அங்குலக் கணக்கில் பிறந்தது. பார்க்க ஒன்றுபோல இருக்கும், மாட்டினால் ஒரு நூல் வித்தியாசத்தில் காலை வாரிவிடும், என்று விளக்கினார். ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்காது என்றும் சொன்னார்.

"ஞாயித்துக்கெயம காப்பி குடிக்கிறீங்களே, அந்த கோஷ்டில கேளு சார். எவனாவது ஒருத்தன் பீரோல வெச்சினு இருப்பான்."

ஸ்ரீரங்கனுக்கு அந்த யோசனை எப்படி இருந்திருக்கும்? வீட்டுச் சாவி எந்தத் தொட்டிக்கு அடியில் இருக்கிறது என்று வாசலில் கோலத்தோடு கோலமாக எழுதிவை என்று சொன்னதுபோல இருந்தது. நம்பர் வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? கோஷ்டியில் ஒவ்வொருவரும் அன்று மாலையே உலகம் முழுக்கத் தேடுவார்கள். தேவை இருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை. 'ஸ்ரீரங்கன் தேடுகிறான்' என்பதே போதும். அவர்களைக் குறைசொல்ல முடியாது. அவரும் அதைத்தான் செய்திருப்பார். ஹனீஃபாவிடம் வாயைத் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் ஆட்டோவில் போய் இறங்கினார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. மறைக்க முடியுமா?

"வண்டி எங்க?" என்றார் கல்யாணராமன்.

கியர்பாக்ஸைச் சும்மா திறந்து பார்த்ததாக ஸ்ரீரங்கன் சொன்னார். சும்மா யாரும் கியர்பாக்ஸைத் திறப்பதில்லை என்று கல்யாணராமன் சொன்னார். வீடு காலி செய்வது, பெருங்குடி, பேட்டரி எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பேட்டரி என்ற வார்த்தையைக் கேட்டதும் கல்யாணராமன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அவர் முகம் நிஜமாகவே வாடியது.

"நம்பர் சொல்லுடா. நானும் தேடறேன்."

இனிமேல்தான் இந்த இனத்தின் சாமர்த்தியத்தைக் கவனிக்கவேண்டும். நம்பர் தெரியாது என்றால் நம்பமாட்டார். சொல்லமாட்டேன் என்றால் நட்பு போகும். முழுக்கப் பொய் சொன்னால் பாவம். ஸ்ரீரங்கன் நம்பரைச் சொன்னார். எழுத்து சரி. முன்னால் வரும் இலக்கங்கள் சரி. கடைசி எட்டை மட்டும் ஆறாக்கினார். ஒரே ஒரு இலக்கம். அதைப் பொய் என்று எந்தக் கோர்ட்டில் சொல்வார்கள்? பாலில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் அது பால் இல்லை என்று ஆகிவிடுமா?

கல்யாணராமன் கண்ணை மூடி இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "எனக்குத் தெரிஞ்ச நம்பரா இல்லையே" என்றார். "தனி ஜாதின்னு சொன்னேனே" என்றார் ஸ்ரீரங்கன்.

அதற்குப் பிறகு ஸ்ரீரங்கன் தேடிய தேடலைச் சொன்னால் உங்களுக்கு அழுகை வரும். கம்ப்யூட்டரில் வேறு பெயரில் போய்த் தேடினார். இங்கிலாந்தில் பழைய சாமான் விற்பவர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் போட்டார். எல்லா அஞ்சலும் 'என் நண்பர் ஒருவருக்கு' என்றே தொடங்கும். சிலருக்கு வண்டியின் பெயரைச் சொல்லமாட்டார். சிலருக்கு நம்பரைப் பாதி சொல்வார். ஒருவருக்கு ஊரை மாற்றிக் கொழும்பு என்று எழுதினார். எவர் பதில் போடுவார்? போட்ட ஒருவரும், உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தார்.

இடையில் கல்யாணராமன் போன் செய்துகொண்டே இருந்தார். "கிடைச்சுதா?" கிடைக்கவில்லை. "கடைசி நம்பர் ஆறுதானே?" ஆறுதான். போனை வைத்ததும் ஸ்ரீரங்கன் ஜானுவிடம் திரும்புவார். "பார்த்தியா, எத்தனை அக்கறையாக் கேட்கறான். தனக்கு வாங்கிப் பதுக்கத்தான்." தான் எப்படியோ அப்படியே ஊரும் இருக்கும் என்று நம்புவதில் இந்த இனத்துக்கு ஒரு நிம்மதி உண்டு.

மேல் மாடிக்காரர்கள் காலி செய்துகொண்டு போனார்கள். போன வீட்டு ஜன்னல்களையும் கதவுகளையும் ஆட்கள் பெயர்த்து இறக்கினார்கள். அட்டைப் பெட்டிகள் கூடத்தை அடைத்துக்கொண்டன. சாப்பாட்டு மேஜையை மட்டும் கட்ட முடியவில்லை. சுஹாஸ் ஒருநாள் டேப்போடு வந்து, வண்டியின் முன்பக்கத்தைத் திறந்து, பேட்டரிக்கு இடம் அளந்துகொண்டு போனான். போகும்போது பானெட்டைத் தட்டிக் கொடுத்தான். ஸ்ரீரங்கன் அன்று சாப்பிடவில்லை.

காலி செய்யவேண்டிய வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. கோயிலைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். மாட வீதிகளை அடைத்துவிட்டார்கள். ஓட்டல் கூட்டம் ரத்து. காலையில் கல்யாணராமன் படியேறி நேரே வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பார்சல். மேஜையில் கியர்பாக்ஸுக்கு நடுவே இடம் பண்ணி, ஜானுவிடம் ஒரு தட்டு கேட்டு வாங்கி, இரண்டு வெற்றிலையைப் பரப்பி அதன்மேல் வைத்தார். மெழுகுத்தாளில் சுற்றி, நூல் கட்டி, எண்ணெய் வாசனையோடு இருந்தது.

பிரிக்காமலே ஸ்ரீரங்கனுக்குப் புரிந்துவிட்டது. மெழுகுத்தாள் மேல் நம்பர் அச்சிட்டிருந்தது. கடைசி இலக்கம் ஆறு.

கல்யாணராமன் சொல்லிக்கொண்டே போனார். லண்டனில் இருக்கும் மச்சினியைக் கெஞ்சி, அவள் கணவனை இரண்டு சனிக்கிழமை காரில் அனுப்பி, எங்கோ ஒரு கிராமத்தில் மூடிப்போன பட்டறையைக் கண்டுபிடித்து, அதன் சொந்தக்காரக் கிழவரோடு உட்கார்ந்து டீ குடித்து, பரண்மேல் ஏறிப் பெட்டிபெட்டியாகத் துழாவி, இதை எடுத்தார்களாம். ஊருக்கு வந்த யாரோ கைப்பையில் கொண்டுவந்தார்களாம். "என்னடா பேச்சு வரலையா?" என்றார். அவர் கண்ணில் லேசாகத் தண்ணீர்கூட இருந்தது. எங்கே கிடைத்தது என்பதை ஒருவர் தானாக, முழுசாக, கேட்காமலே சொல்வதை ஸ்ரீரங்கன் வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டார்.

"ரொம்ப... ரொம்ப தாங்க்ஸ்" என்றார்.

"தாங்க்ஸ் இருக்கட்டும். மாட்டிப் பார்த்துடுவோம்."

நாள் நல்லதாக இல்லை என்றார் ஸ்ரீரங்கன். ராகுகாலம் மாலையில்தானே என்றார் கல்யாணராமன். கை சுத்தமாக இல்லை என்றார் ஸ்ரீரங்கன். கல்யாணராமன் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். அப்போது ஜானு தட்டிலிருந்த நூல் கட்டை எட்டிப் பார்த்தாள்.

"ஆறுன்னு போட்டிருக்கே. தூக்கத்துல எட்டு எட்டுன்னா சொல்லிண்டிருந்தேள்?"

"ஆறுதான்" என்றார் ஸ்ரீரங்கன்.

சொன்னவர் சொன்னதைக் காப்பாற்ற வேண்டாமா? காப்பாற்றினார். நூலை அவிழ்த்து, பேரிங்கை எடுத்து, அது உட்காரவேண்டிய குழியில் தன் கையாலேயே வைத்தார். குழியில் அது பெரியவர் செருப்பில் குழந்தை கால் மாதிரி ஆடியது. வெளியே எடுத்துத் தண்டில் மாட்டிப் பார்த்தார். தண்டில் நுழையவே இல்லை. வெளியே தொளதொள, உள்ளே இறுக்கம். கீழே எங்கோ ஜன்னல் பெயர்க்கிற சத்தம் கேட்டது.

கல்யாணராமன் மெல்லக் கையை நீட்டி, மேஜை ஓரத்தில் கிடந்த பழைய பேரிங்கை எடுத்தார். வேட்டி நுனியால் துடைத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மூக்கருகே பிடித்துப் படித்தார். பிறகு இன்னொரு தடவை படித்தார்.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கத்துவீர்கள். இனி உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்பீர்கள். ஸ்ரீரங்கன் அதற்குத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் கல்யாணராமனும் அதே இனம் என்பதை மறந்துவிட்டீர்கள். அவர் முகத்தில் மெதுவாக ஒரு மரியாதை பரவியது.

"கடைசி நம்பரை மட்டும் மாத்தினே பாரு. நானா இருந்தா எழுத்தையும் சேர்த்து மாத்தியிருப்பேன். உனக்கு நல்ல மனசுடா."

பிறகு இன்னொன்று சொன்னார். "இது என் வண்டி பேரிங்தான். அதே நம்பர். தனி ஜாதின்னியேடா? இதே மாதிரி ஒண்ணு எங்காத்து பீரோல வேட்டிக்கு அடியில புதுசா இருக்கு. வாங்கி எத்தனையோ வருஷம் ஆறது. எட்டுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, மறுநாள் காலம்பற கொண்டுவந்து போட்டிருப்பேன்."

ஸ்ரீரங்கன் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தது நாற்காலி மேல் இருந்த ஒரு பல்சக்கரத்தின்மேல். அதைக்கூட அவர் உணரவில்லை.

"கொடுப்பியா?" என்றார்.

"கொடுப்பேன். ஆனா ஒண்ணு." கல்யாணராமன் குரலைத் தாழ்த்தினார். "உன் ஹெட்லைட்டைச் சுத்தி ஒரு ரப்பர் வளையம் போட்டிருக்கியே. கச்சிதமா உட்கார்ந்திருக்கு, ஒரு சொட்டு உள்ளே போறதில்லை. என் வண்டி ஹெட்லைட்ல மழைக்காலத்துல மீன் வளர்க்கலாம். அது எங்க கிடைச்சுது?"

வாசகர்களே, இதுதான் இந்த மனிதருக்கு வாழ்க்கையில் வந்த சோதனை. ஒருபக்கம் வண்டி. இன்னொருபக்கம் கிடைத்த இடம். நடுவில் ஆரஞ்சு வண்ணமும் பேட்டரியும். ஸ்ரீரங்கன் ஜானுவைப் பார்த்தார். ஒரு காப்பி போடேன் என்றார். இப்பத்தானே குடிச்சேள் என்று அவள் அங்கேயே நின்றாள். சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த, வீட்டு வேலைக்கு வரும் பொன்மணியும் கையை நிறுத்திவிட்டாள்.

"அது வந்து... நமக்குத் தெரிஞ்ச ஒருத்தர்..."

கல்யாணராமன் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்ட ஆரம்பித்தார்.

"குக்கர் கேஸ்கட்" என்றார் ஸ்ரீரங்கன்.

"என்னது?"

"மூணு லிட்டர் குக்கர் கேஸ்கட். தெற்கு மாட வீதியில குக்கர் ரிப்பேர் பண்ற கடை இருக்கு. அளவெடுத்த மாதிரி உட்காரும்."

இங்கிலாந்திலிருந்து வந்த அசல் ரப்பர் என்று கோஷ்டி முழுக்க நம்பியிருந்தது. இருவர் அதைத் தொட்டுப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும் உண்டு. கல்யாணராமன் ஒரு காலில் செருப்போடு நின்றார். அவர் சிரிக்கவில்லை. இந்த இனத்தில் பிறந்தவர் அப்போது கேட்கக்கூடிய ஒரே கேள்வியைக் கேட்டார்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

ஆனால் ஜானு வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "ஹெட்லைட் ரெண்டாச்சே" என்றாள். "ரெண்டும் கடையிலயா வாங்கினேள்? மூணு லிட்டர்ல சரியா உட்காரும்னு எப்படித் தெரிஞ்சுது?"

ஸ்ரீரங்கன் மேஜைமேல் கிடந்த ஒரு பல்சக்கரத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். ஜானுவுக்கு அது போதும்.

"தீபாவளிக்கு முன்னாடி என் குக்கர் கேஸ்கட் காணாமப் போச்சு. விசிலே வராம நான் பருப்பு வேகவெச்ச அழகு எனக்குத்தான் தெரியும். கூடவே நின்னு, 'எலி இழுத்துண்டு போயிருக்கும்'னு சொன்னேளே."

"எலியா?" என்று பொன்மணி உள்ளேயிருந்து வந்தாள். "இன்னாமா நீ, நாந்தான் குப்பையோட வாரிக் கொட்டிட்டேன்னு ரெண்டு நாளு மூஞ்சத் தூக்கி வெச்சினு இருந்தியே. அப்ப கீய வண்டி மூஞ்சில மாட்டிக்கினு இருந்துச்சா அது?"

மூன்று பேர் ஒரே சமயத்தில் பார்க்கும்போது ஒரு மனிதர் எங்கே பார்ப்பது? ஸ்ரீரங்கன் மின்விசிறியைப் பார்த்தார். அதையும் முந்தின நாள்தான் கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டிருந்தார்கள். கொக்கி மட்டும் இருந்தது. அந்தக் கொக்கியைப் பார்த்துக்கொண்டே, தப்புதான், என்றார். ஜானுவிடம் சொன்னாரா, பொன்மணியிடமா, கல்யாணராமனிடமா என்று தெரியவில்லை. மூவரும் அவரவருக்குத்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். அதுவரையில் நல்லது.

அன்று மாலையே வேட்டிக்கு அடியிலிருந்த பேரிங் ஆழ்வார்பேட்டைக்கு வந்தது. மறுநாள் ஹனீஃபா வந்தார். பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து கியர்பாக்ஸைக் கூட்டினார். "பீரோலதான கெடைச்சுது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஸ்ரீரங்கன் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்து, உடனே மூடிக்கொண்டு, ஆமாம் என்று தலையசைத்தார். புதுப் பேரிங் குழியில் 'ணங்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது ஸ்ரீரங்கன் முகத்தைப் பார்த்த ஜானு, ஒரு நிமிஷம் கேஸ்கட்டையே மறந்துவிட்டாள். ஒரு நிமிஷம்தான்.

காலி செய்யும் நாளில் சாமான் லாரி முன்னால் போக, பச்சை வண்டி தன் சொந்தச் சத்தத்தில் ஆழ்வார்பேட்டையை விட்டுக் கிளம்பியது. ஜானு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வழியனுப்ப வந்த சுஹாஸ் போனில் படம் பிடித்துக்கொண்டே கொஞ்சதூரம் ஓடிவந்தான். "அத்திம்பேர், அந்தச் சத்தம்தான் சூப்பர்" என்றான். சத்தமே வராமல் பண்ணப் பார்த்தவன். ஸ்ரீரங்கன் பெருந்தன்மையாகக் கையசைத்தார்.

எல்லோரும் திருந்திவிட்டார்கள், இனிமேல் அந்த ஓட்டல் வாசலில் வெள்ளந்தியாகப் பேசிக்கொள்வார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அன்று மந்தைவெளி வீட்டு மாடிப்படியில், சாப்பாட்டு மேஜையின் ஆளுக்கொரு முனையைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது, கல்யாணராமனும் ஸ்ரீரங்கனும் பேசிக்கொண்டது இது:

"அந்த ரப்பர் விஷயம், கோஷ்டில யாராவது கேட்டா?"

"சொல்ல வேண்டாம்."

"ரொம்ப நெருக்கிக் கேட்டா?"

திருப்பத்தில் மேஜையை இறக்கிவைத்துவிட்டு இருவரும் மூச்சு வாங்கினார்கள். ஸ்ரீரங்கன் யோசித்தார்.

"குக்கர் கேஸ்கட்னே சொல்லிடலாம். பொய் எதுக்கு? ஆனா அஞ்சு லிட்டர்னு சொல்லுவோம்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்குக் காரும் இல்லை, கியர்பாக்ஸும் இல்லை. கடைப் பெயர் கேட்டால் கதவு எண்ணோடு சொல்லிவிடுகிற திறந்த மனது உங்களுக்கு. ஒரு சின்னச் சந்தேகம் மட்டும். இதைப் படித்துக்கொண்டு நீங்கள் தனியாகச் சிரித்தபோது, வீட்டில் யாராவது எட்டிப் பார்த்து, என்ன படிக்கிறீர்கள், எதற்குச் சிரிப்பு என்று கேட்டிருப்பார்கள்.

"ஒண்ணுமில்லை" என்றுதானே சொன்னீர்கள்?